திருகோணமலையில் வீடு எடுக்கிறீர்களா? பிளக் பொயின்ட்டையும் ட்ரிப் சுவிட்சையும் முதலில் பாருங்கள்

வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் கிணற்றுத் தண்ணீர் உப்பா என்று வாயில் விட்டுப் பார்க்கிறோம். கூரை ஒழுகுமா, முற்பணம் எவ்வளவு என்று கேட்கிறோம். மெயின் சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு. இடமாற்றம் கிடைத்து உவர்மலையில் வீடு தேடும் ஆசிரியர், கோணேசபுரியில் வளாகத்துக்குக் கிட்ட அறை எடுக்கும் மாணவர், உப்புவெளியிலோ நிலாவெளியிலோ நாலு அறையோடு விடுதி தொடங்குபவர், எல்லோருக்குமாகத்தான் இதை எழுதுகிறேன். வயரிங் வேலை படிப்பிப்பது நோக்கமில்லை. வீட்டில் இருக்கிற பிளக் பொயின்ட்டுகள் ஆளைக் காக்கும் நிலையில் இருக்கின்றனவா என்று நீங்களே பார்ப்பது எப்படி, எதை எலக்ட்ரீசியனிடம் விட வேண்டும், அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

பியூஸ் வயரைக் காக்கும், ட்ரிப் சுவிட்ச் ஆளைக் காக்கும்

பெட்டியைத் திறந்தால் வரிசையாகச் சின்னச் சின்னப் பிரேக்கர்கள் தெரியும். பழைய வீடு என்றால் அந்த இடத்தில் பியூஸ் இருக்கும். இவற்றின் வேலை, வயர் அளவுக்கு மீறிச் சூடாகித் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது. உங்களுக்குக் கரண்ட் அடித்தால் இவை பெரும்பாலும் அசையவே அசையாது.

காரணம் கணக்கில் இருக்கிறது. மனித உடம்பில் ஒரு மில்லி அம்பியர் ஓடினாலே சுருக்கென்று தெரியும். 10 மில்லி அம்பியரைத் தாண்டினால் கைத்தசை இறுகி, பிடித்த வயரை விட முடியாமல் போகலாம். 30ஐத் தாண்டினால் மூச்சுக்கு ஆபத்து. 50க்கு மேல் ஓரிரு செக்கன் ஓடினால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடலாம். ஆனால் விளக்குக்குப் போட்டிருக்கும் 6 அம்பியர் பிரேக்கர் விழ வேண்டுமென்றால் 6000 மில்லி அம்பியருக்கும் மேலே ஓட வேண்டும். ஆள் சாகும் அளவு அந்தப் பிரேக்கருக்கு ஒரு பொருட்டே இல்லை.

அந்தச் சிறிய அளவைக் கவனிப்பதற்கென்றே இருப்பதுதான் ட்ரிப் சுவிட்ச். பொறியியலாளர்கள் ஆர்சிசிபி என்பார்கள். லைவ் வயரும் நியூட்ரல் வயரும் அதற்குள் ஒரே வளையத்தினூடாகப் போகின்றன. லைவில் எவ்வளவு போனதோ அவ்வளவும் நியூட்ரலில் திரும்பி வந்தால் அது பேசாமல் இருக்கும். கொஞ்சம் குறைந்தால், அந்தக் குறை வேறு எங்கோ, ஒரு ஆளின் உடம்பு வழியாகவோ ஈரச்சுவர் வழியாகவோ மண்ணுக்குள் இறங்குகிறது என்று பொருள். உடனே இரண்டு வயரையும் சேர்த்து வெட்டிவிடும். 30 மில்லி அம்பியர் என்று குறித்த ட்ரிப் சுவிட்ச், அந்த அளவு ஒழுக்கு வந்தால் 300 மில்லி செக்கனுக்குள் விழ வேண்டும். ஐந்து மடங்கு ஒழுக்கு என்றால் 40 மில்லி செக்கனுக்குள்.

கரண்ட் அடிப்பதையே அது தடுத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அடி விழும், வலிக்கும். ஆனால் நேரம் மிகக் குறைவு, உயிர் தப்ப அதுதான் வழி. இன்னொன்று: ஒரு கையால் லைவையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்து, உடம்பிலிருந்து மண்ணுக்கு எதுவும் இறங்காவிட்டால் ட்ரிப் சுவிட்சுக்கு ஒன்றுமே தெரியாது. போனது திரும்பி வருகிறதே! ஆகவே ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது என்ற தைரியத்தில் பொயின்ட்டைக் கழற்றிக் கை வைக்கக் கூடாது.

இந்த ஊரில் எர்த் ஏன் இவ்வளவு முக்கியம்

இலங்கையில் வீட்டுக்கு வரும் சாதாரண இணைப்பில் இரண்டு வயர்தான் வருகிறது, லைவும் நியூட்ரலும். ஒழுகும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த்தை நம் வளவுக்குள் நாமே ஒரு கம்பி அடித்து எடுக்க வேண்டும். அந்தக் கம்பியைச் சுற்றியிருக்கும் மண் கரண்டை எவ்வளவு எளிதாக வாங்கும் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

திருகோணமலையின் கரையோரம் மணல். மாரியில் வாடைக்காற்றோடு மழை கொட்டும்போது மணல் நனைந்து எர்த் நன்றாக வேலை செய்யும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேல்மண் முழுக்கக் காய்ந்துவிடும். டிசம்பரில் அளந்தால் நல்ல அளவு காட்டிய அதே கம்பி ஆகஸ்டில் பல மடங்கு கூடுதலான ஓம் காட்டலாம். ஓம் என்பது தடையின் அளவு, அது கூடக் கூட எர்த் மோசம். தம்பலகாமம் பக்கம் வயல் மண்ணில் இந்தத் தொல்லை குறைவு. உப்புவெளி, நிலாவெளி மணலில் அதிகம்.

ஒரு உதாரணம் பார்ப்போம். கிணற்றடியில் தண்ணி மோட்டர். அதற்குள் வயர் தேய்ந்து லைவ் மோட்டரின் இரும்பு உடம்பில் முட்டிவிட்டது. உங்கள் எர்த்தின் தடை 100 ஓம். 230 வோல்ட்டை 100ஆல் வகுத்தால் 2.3 அம்பியர். அவ்வளவுதான் மண்ணுக்குள் போகும். மோட்டருக்குப் போட்டிருக்கும் 16 அம்பியர் பிரேக்கருக்கு இது ஒன்றுமே இல்லை. மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், அதன் உடம்பு கிட்டத்தட்ட 230 வோல்ட்டில் நிற்கும், ஈரக்காலோடு வந்து கை வைக்கும் வரைக்கும் யாருக்கும் தெரியாது. எர்த்தை 20 ஓமுக்குக் கொண்டுவந்தாலும் 11.5 அம்பியர்தான், பிரேக்கர் அப்போதும் விழாது. அதே இடத்தில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருந்தால், வயர் முட்டிய அந்தக் கணத்திலேயே விழுந்திருக்கும். ஆள் வந்து தொடும் வரை காத்திருக்காது.

எர்த் இல்லாமலும் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். செய்யும், ஆனால் யாராவது தொட்ட பிறகுதான் செய்யும். எர்த் இருந்தால் தொடுவதற்கு முன்பே செய்யும். இரண்டும் சேர்ந்தால்தான் காப்பு என்பதை மட்டும் மனதில் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் மிச்சமெல்லாம் விளங்கும்.

விதி என்ன சொல்கிறது

நம் நாட்டு எலக்ட்ரீசியன்களும் பொறியியலாளர்களும் கைக்கொள்வது பிரித்தானிய வயரிங் விதிகளை, அதாவது பிஎஸ் 7671ஐ. அதன்படி வீட்டில் 32 அம்பியர் வரையான எல்லா பிளக் பொயின்ட்டுக்கும் 30 மில்லி அம்பியருக்கு மேற்படாத ட்ரிப் சுவிட்ச் காப்பு வேண்டும். வெளியில் வைத்துப் பாவிக்கும் சாமானுக்கும் அப்படியே. குளியலறைக்குள் போகும் எல்லாச் சுற்றுக்கும் (ஒரு பிரேக்கரிலிருந்து போகும் வயரிங்தான் ஒரு சுற்று), விளக்கு உட்பட, இது கட்டாயம். 2008ஆம் ஆண்டின் 17ஆம் பதிப்பில் சாதாரண ஆட்கள் பாவிக்கும் 20 அம்பியர் வரையான பொயின்ட்டுகளுக்கு வந்த விதி, பிறகு 32 அம்பியர் வரை விரிந்தது. அதனால் பழைய வீட்டில் இல்லை என்றால் கட்டியவர்மீது பழி போட வேண்டியதில்லை, இப்போது போட்டால் போதும்.

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் மாமா, "அங்க பொயின்ட்டிலயே பட்டன் இருக்கும், அதை வாங்கிப் பூட்டுங்கோ" என்று சொல்லியிருப்பார். அமெரிக்க, கனடாக் காணொளிகளிலும் அதைத்தான் காட்டுவார்கள். அங்கே முறை வேறு. பொயின்ட்டுக்குள்ளேயே காப்பு இருக்கிறது, அது 5 மில்லி அம்பியர் அளவிலேயே விழுந்துவிடும். பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்ள்ஸ் டால்சீல் 1961இல் கண்டுபிடித்தது அது. அமெரிக்க விதிக்குள் முதலில் நீச்சல் தடாகத்துக்கு வந்து, 1975இல் குளியலறைக்கும் 1987இல் சமையலறைக்கும் பரவியது. கனடா விதி, கை, பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து (சிங்க்) 1.5 மீற்றருக்குள் இருக்கும் பொயின்ட்டுக்கு அதைக் கேட்கிறது. நல்ல முறைதான். ஆனால் அந்தப் பொயின்ட்டுகள் 120 வோல்ட்டுக்குச் செய்தவை, நம்முடையது 230. பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தாலும் இங்கே பூட்டக் கூடாது.

முதல் படி: ட்ரிப் சுவிட்சைத் தேடி வாசியுங்கள்

மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில், பிரேக்கரை விட அகலமாக, சின்ன பட்டன் ஒன்றோடு இருப்பதுதான் ட்ரிப் சுவிட்ச். பட்டனில் டி எழுத்தோ டெஸ்ட் என்றோ போட்டிருக்கும். பட்டன் இல்லாவிட்டால் அது பெரும்பாலும் வெறும் மெயின் சுவிட்ச்.

முகப்பில் இருக்கும் எண்களை வாசியுங்கள். 40 அல்லது 63 அம்பியர் என்று இருப்பது, அது எவ்வளவு கரண்டைத் தாங்கும் என்ற அளவு. நமக்கு வேண்டியது மற்ற எண்: 0.03 அம்பியர் அல்லது 30 மில்லி அம்பியர். பழைய வீடுகளில் 100 அல்லது 300 என்று கண்டால், அது தீப்பிடிப்பதிலிருந்து கொஞ்சம் காக்கும், ஆளைக் காக்கப் போதாது. மாற்றச் சொல்லுங்கள். எஸ் எழுத்தைச் சதுரத்துக்குள் போட்டிருந்தால் அது வேண்டுமென்றே தாமதித்து விழும் வகை. பெரிய கட்டடங்களில் மேலே வைப்பார்கள், உங்கள் பொயின்ட்டுக்கு நேரே இருக்கக் கூடாது.

அப்புறம் ஒரு குறி. வெறும் அலைக்கோடு மட்டும் இருந்தால் ஏசி வகை. அலைக்கோட்டுக்குக் கீழே அரை அலைகளும் வரைந்திருந்தால் ஏ வகை. இன்வெர்ட்டர் வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் குளிரூட்டி, கணினி எல்லாம் ஓடும் வீட்டுக்கு ஏ வகைதான் சரி. அவற்றில் ஏற்படும் சில ஒழுக்குகளை ஏசி வகை கண்டுகொள்ளாமல் விடலாம். புதிதாக வாங்கும்போது ஹாட்வெயார் கடையில் இந்தக் குறியைக் காட்டியே கேளுங்கள். விலை கொஞ்சம் கூடத்தான் செய்யும். கொடுக்கலாம்.

இரண்டாம் படி: பட்டனை அழுத்துங்கள்

கணினியை மூடிவிட்டு, கரண்ட் இருக்கும்போதே பட்டனை ஒரு தடவை அழுத்துங்கள். டக்கென்று விழ வேண்டும். இரண்டு மூன்று தடவை அழுத்தித்தான் விழுந்தது, அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்ற பிறகுதான் விழுந்தது என்றால் அதை மாற்ற வேண்டும். "கொஞ்சம் இறுக்கம், பாவிக்கப் பாவிக்கச் சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். உயிருக்கு ஆபத்து வரும் நேரம் இரண்டாம் தடவை அழுத்த யாரும் நிற்கமாட்டார்கள்.

பிரித்தானிய விதியின் அறிவிப்பு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அழுத்தச் சொல்கிறது. கடற்காற்று படும் வீட்டில் மாதம் ஒரு தடவை அழுத்துவது நல்லது என்பது என் எண்ணம். உள்ளே இருப்பது நுண்ணிய பொறி. நெடுநாள் அசையாமல் கிடந்தால் இறுகிவிடும், உப்புக்காற்றில் இன்னும் சீக்கிரமாக இறுகும். கரண்ட் பில் வரும் நாளை இதற்கும் வைத்துக்கொண்டால் மறக்காது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டன் எர்த்தைச் சோதிப்பதில்லை. உள்ளே ஒரு சின்னத் தடையினூடாகக் கொஞ்சக் கரண்டை வளையத்துக்கு வெளியால் விட்டு, பொறி விழுகிறதா என்று மட்டும் பார்க்கிறது. எர்த் கம்பி அடியோடு அறுந்து கிடந்தாலும் பட்டனை அழுத்தினால் ட்ரிப் சுவிட்ச் அழகாக விழும். "டெஸ்ட் பண்ணிப் பாத்தாச்சு, எல்லாம் சரி" என்று வீட்டுக்காரர் சொல்வது இந்தப் பாதியைத்தான்.

மூன்றாம் படி: எது எது அணைகிறது

ட்ரிப் சுவிட்ச் விழுந்த நிலையில் அப்படியே விட்டுவிட்டு வீடு முழுக்க ஒரு சுற்று வாருங்கள். கையில் ஒரு சார்ஜரோ மேசை விளக்கோ போதும், ஒவ்வொரு பொயின்ட்டிலும் செருகிப் பாருங்கள். எங்குமே கரண்ட் இருக்கக் கூடாது. எங்காவது எரிந்தால் அந்தப் பொயின்ட் ட்ரிப் சுவிட்சுக்கு முன்னாலேயே எடுக்கப்பட்டிருக்கிறது, அதற்குக் காப்பே இல்லை.

பெரும்பாலும் அப்படி மாட்டுவது தண்ணி மோட்டர். மாரி காலத்தில் மோட்டருக்குள் ஈரம் போய் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழும். தொல்லை தாங்காமல் யாரோ மோட்டர் வயரை மெயினிலிருந்து நேரே எடுத்துக் கொடுத்திருப்பார்கள். வீட்டிலேயே அதிகம் காப்பு வேண்டிய இடம் அது. ஈரத் தரை, வெறுங்கால், இரும்பு உடம்பு, எல்லாம் ஒன்றாகச் சேரும் இடம் வேறு இல்லை. அப்படிக் கண்டால், வீட்டுக்குள் சாமான் இறக்குவதற்கு முன்பே சரிசெய்யச் சொல்லுங்கள். மோட்டர் ஓடும்போது கிணற்றுக்குள் யாரும் இறங்கக் கூடாது. பம்பைத் தூக்க வேண்டுமென்றால் பிளக்கைக் கழற்றிய பிறகுதான்.

இரண்டாவது, பிரிட்ஜ். மீன் வைத்திருக்கும் பெரிய ஃபிரீசர் என்றால் ஆள் இல்லாத நேரம் ட்ரிப் விழுந்து எல்லாம் பழுதாகுமே என்ற பயம் நியாயமானதுதான். அதற்கு வழி, காப்பை எடுத்துவிடுவதில்லை. அந்தப் பொயின்ட்டுக்கு மட்டும் தனியாக ஆர்சிபிஓ ஒன்று போடுவது. பிரேக்கரும் ட்ரிப் சுவிட்சும் ஒன்றாகச் சேர்ந்த சாமான் அது. குளியலறையில் ஏதாவது விழுந்தாலும் ஃபிரீசர் நிற்காது.

நான்காம் படி: எர்த் கம்பியைப் போய்ப் பாருங்கள்

வீட்டுக்கு வெளியே, பெரும்பாலும் மீட்டர் இருக்கும் சுவரடியில், சின்ன சீமெந்துக் குழியோ வெறும் மண்ணோ, அதிலிருந்து ஒரு செம்புக் கம்பி எட்டிப் பார்க்கும். பச்சை அல்லது பச்சை மஞ்சள் வயர் ஒன்று கிளிப் போட்டு அதில் இறுக்கப்பட்டிருக்கும். கம்பியைக் காணவில்லை என்றால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள்: "அன்ரி, எர்த் கம்பி எங்க அடிச்சிருக்கு? கடைசியா எப்ப பாத்தது?" அவருக்கும் தெரியவில்லை என்றால் எலக்ட்ரீசியனைக் கூப்பிட அதுவே போதுமான காரணம்.

கடற்கரையை அண்டிய வீடு என்றால் கிட்டப்போய்க் குந்தி இருந்து பாருங்கள். கம்பியின் தலையில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். அது பரவாயில்லை. கிளிப்பின் ஆணிதான் பிரச்சினை. இரும்பு ஆணி என்றால் துருவேறி வீங்கி, தொட்டால் பொடிப்பொடியாக உதிரும். வெளியில் பார்த்தால் வயர் கம்பியில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோலத் தெரியும், உள்ளே தொடுப்பே இருக்காது. பித்தளைக் கிளிப் போட்டு, இறுக்கி, மேலே கிறீஸோ துரு பிடிக்காத பூச்சோ தடவ வேண்டும். சின்னச் செலவு. இதை இழுத்துப் பார்க்கவோ கழற்றவோ நீங்கள் முயல வேண்டாம். பழுது இருக்கும் வீட்டில் எர்த் வயரிலேயே கரண்ட் நிற்கலாம்.

எத்தனை ஓம் என்று அளக்க எர்த் டெஸ்டர் வேண்டும், அது எலக்ட்ரீசியன் வேலை. விதியின் கணக்குப்படி 30 மில்லி அம்பியரை எர்த் தடையால் பெருக்கினால் 50 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. அப்படிப் பார்த்தால் 1667 ஓம் வரை போகலாம். ஆனால் 200 ஓமுக்கு மேலே போனால் அந்த எர்த் நிலையாக இருக்கும் என்று நம்ப முடியாது என்றும் அதே விதி சொல்கிறது. மணல் வளவில் 200க்குக் கீழே வராவிட்டால் இன்னும் நீளமான கம்பி, ஈரம் நிற்கும் ஆழம் வரை. அல்லது தள்ளித் தள்ளி இரண்டாவது, மூன்றாவது கம்பி அடித்து இணைப்பது. கிணற்றடியில், நிலம் எப்போதும் நனைந்திருக்கும் இடத்தில் அடித்தால் நல்லது. தண்ணீர்க் குழாயில் எர்த் வயரைச் சுற்றிவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இப்போது குழாய் எல்லாம் பிவிசி, அதில் சுற்றிப் பயனே இல்லை.

அளப்பதென்றால் ஆகஸ்ட், செப்டம்பரில் அளக்கச் சொல்லுங்கள். காய்ந்த மண்ணில் பாஸானால் மாரியில் கவலையில்லை.

ஐந்தாம் படி: தண்ணீர் இருக்கும் இடங்கள்

குளியலறைக்குள் பிளக் பொயின்ட் இருக்கவே கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரித்தானிய விதி, ஷவர் அல்லது தொட்டிப் பகுதியின் விளிம்பிலிருந்து 2.5 மீற்றருக்குள் சாதாரண பொயின்ட்டைத் தடுக்கிறது, முந்தைய பதிப்புகளில் அது 3 மீற்றர். நம் வீட்டுக் குளியலறைகளில் அவ்வளவு தூரம் கிடைப்பது அரிது. வாஷிங் மெஷினை உள்ளே வைத்திருந்தால் பொயின்ட்டை வெளிச்சுவருக்கு மாற்றச் சொல்லுங்கள். விடுதிக்காரர்கள் வெளிநாட்டவருக்காக ஷவர் ஹீட்டர் பூட்டும்போது அதற்குத் தனி வயர், தனி பிரேக்கர், 30 மில்லி அம்பியர் காப்பு, லைவையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டும் சுவிட்ச் கதவுக்கு வெளியே, நான்கும் வேண்டும். பிளக் போட்டு அருகில் செருகிவிடுவது சரியில்லை.

சமையலறையில் கேத்தலும் ரைஸ் குக்கரும் செருகும் பொயின்ட்டைத் தொட்டியின் தண்ணீர் தெறிக்காத தூரத்தில் வையுங்கள்.

வெளியில், முற்றத்தில், கிணற்றடியில் வைக்கும் பொயின்ட்டுக்கு மூடியுள்ள, மழைக்குத் தாங்கும் வகை வேண்டும். ஐபி என்ற எழுத்துக்குப் பின்னால் இரண்டு எண் இருக்கும். இரண்டாவது எண் தண்ணீருக்கானது. சாரல் படும் இடத்துக்கு 44, நேரே மழை அடிக்கும் இடத்துக்கு 55 அல்லது 66 கேளுங்கள். கடற்கரையில் இரும்புப் பெட்டி வேண்டாம், ஒரு மாரியிலேயே துருப்பிடித்துவிடும். பிளாஸ்டிக் பெட்டி, துருவேறாத ஆணி. வயர் பெட்டிக்குள் கீழிருந்து நுழையட்டும், மேலிருந்து நுழைந்தால் தண்ணீரும் அதோடு நுழையும்.

பொயின்ட் வாங்கும்போது 13 அம்பியர் சதுர முள் வகையையே வாங்குங்கள், இலங்கையின் நியமம் அதுதான். உருண்டை முள் பொயின்ட்டுகள் பழைய வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அவற்றில் சதுர முள் பிளக்கைக் குச்சி விட்டு நெம்பிச் செருகுவதைப் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து வேண்டாம். எர்த் முள் சரியாகத் தொடாமலே போகும்.

வீட்டுக்காரர் பெட்டியில் கைவைக்க விடமாட்டார் என்றால், பிளக்கிலேயே செருகும் சின்ன ட்ரிப் சுவிட்ச் அடப்டர் ஒன்று வாங்கி, அயன் பொக்ஸ், வாஷிங் மெஷின் போன்றவற்றுக்கு இடையில் பாவியுங்கள். முழு வீட்டுக்கும் ஈடாகாது. அறையில் இருக்கும் மாணவருக்கு அது பெரிய உதவி.

ட்ரிப் அடிக்கடி விழுந்தால்

முதலில், கழற்றி நேரே இணைக்கச் சொல்லும் யோசனையைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். விழுகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது.

எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள். சுவிட்சை நிறுத்தினால் போதாது, பிளக்கே வெளியே வர வேண்டும், ஏனென்றால் பல பொயின்ட் சுவிட்சுகள் லைவை மட்டும்தான் வெட்டும். பிறகு எல்லாப் பிரேக்கரையும் கீழே தள்ளி, ட்ரிப் சுவிட்சை ஏற்றி, பிரேக்கர்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்தச் சுற்றின் வயரிங்கில்தான் பிழை. எல்லாவற்றையும் ஏற்றியும் ட்ரிப் விழாவிட்டால் சாமான்களை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். அயன், கேத்தல், ரைஸ் குக்கர், பழைய பிரிட்ஜ், மோட்டர், இவைதான் வழக்கமான குற்றவாளிகள். பிடிபட்ட சாமானைத் திருத்தும் வரை செருக வேண்டாம்.

பிரேக்கர் எல்லாம் கீழே இருந்தும் விழுகிறது என்றால் எங்கோ நியூட்ரலும் எர்த்தும் முட்டியிருக்கலாம். பிரேக்கர் லைவை மட்டும் வெட்டுவதால் அதை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது, ஆளைக் கூப்பிடுங்கள். வீட்டில் இரண்டு ட்ரிப் சுவிட்ச் இருந்து, ஒன்றின் லைவுக்கு மற்றதன் நியூட்ரலைக் கொடுத்திருந்தாலும் இப்படிக் காரணமில்லாமல் விழுவதுபோல் தெரியும். புதிதாக அறை சேர்த்துக் கட்டிய வீடுகளில் இந்தப் பிழை நிறைய.

இன்னொரு காரணமும் உண்டு. கணினி, டிவி, வாஷிங் மெஷின் எல்லாம் பழுதில்லாதபோதும் துளித் துளியாக எர்த்துக்கு ஒழுகும். ஒரே ட்ரிப் சுவிட்சுக்குக் கீழே பத்து அறை விடுதி ஓடினால் துளிகள் சேர்ந்துவிடும். 30 மில்லி அம்பியர் சுவிட்ச் 15க்கு மேலே எங்கேயும் விழலாம். வழக்கமான ஒழுக்கு 9 மில்லி அம்பியரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அறைகளைப் பிரித்து இரண்டு மூன்று ட்ரிப் சுவிட்ச், அல்லது அறைக்கொரு ஆர்சிபிஓ.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள்

கரண்ட் போனதும் சின்ன ஜெனரேட்டரை ஓடவிட்டு வீட்டுக்குக் கொடுக்கும் விடுதிகள் கடற்கரையில் நிறைய. ஜெனரேட்டரின் நியூட்ரல் எர்த்தோடு இணைக்கப்படாமல் இருந்தால், ஒழுகும் கரண்ட் திரும்பிப் போக வழியில்லாததால் ட்ரிப் சுவிட்ச் விழாமலே இருக்கலாம். கரண்ட் வரும்போது காத்த சுவிட்ச், ஜெனரேட்டரில் ஓடும்போது வெறும் அலங்காரமாகிவிடும். வெளிக் கரண்டிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் பூட்டும் ஆளிடம், "ஜெனரேட்டரில ஓடும்போதும் ட்ரிப் விழுதா எண்டு எனக்கு முன்னால டெஸ்ட் பண்ணிக் காட்டுங்கோ" என்று நேரே கேளுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் இதே கேள்வி. கோயில் திருவிழாவுக்குப் பந்தல் விளக்கு இழுக்கும்போதும் வயர் தொடங்கும் இடத்தில் 30 மில்லி அம்பியர் சுவிட்ச் ஒன்று இருக்க வேண்டும், நனைந்த மண்ணில் எத்தனை பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடித் திரிகின்றன.

மாரி வெள்ளம் வீட்டுக்குள் ஏறத் தொடங்கினால், காலடி காய்ந்திருக்கும்போதே மெயினை நிறுத்துங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு பெட்டியைத் தொட வேண்டாம். வெளியில் வயர் அறுந்து கிடந்தால் மின்சாரப் பழுது அறிவிக்கும் 1987 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். யாருக்காவது கரண்ட் அடித்துப் பிடித்திருந்தால் ஆளைத் தொடுவதற்கு முன் மெயினை வெட்டுங்கள், முடியாவிட்டால் காய்ந்த தடியால் வயரைத் தள்ளுங்கள், பிறகு 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழையுங்கள். மூச்சில்லை என்றால் வாகனம் வரும் வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

எலக்ட்ரீசியனிடம் கேட்க வேண்டியது

தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் உள்ளவரைத் தேடுங்கள். வந்தவர் டெஸ்டர் ஸ்குரூட்ரைவர் ஒன்றோடு மட்டும் வந்தால் மேலே சொன்ன எதையும் அவரால் அளக்க முடியாது. எர்த் டெஸ்டர், ட்ரிப் சுவிட்ச் எத்தனை மில்லி செக்கனில் விழுகிறது என்று காட்டும் மீட்டர், வயரின் காப்புறையைச் சோதிக்கும் மீட்டர், மூன்றும் இருக்கிறதா என்று வரமுன்பே தொலைபேசியில் கேளுங்கள். வேலை முடிந்ததும் எர்த் எத்தனை ஓம், ட்ரிப் எத்தனை மில்லி செக்கன் என்று தேதியோடு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். ஒரு பிரதி வீட்டுக்காரருக்கு, ஒன்று உங்களுக்கு. செலவை யார் ஏற்பது என்பதை வாடகை ஒப்பந்தம் எழுதும்போதே பேசி, ட்ரிப் சுவிட்சும் எர்த்தும் வீட்டுக்காரர் பொறுப்பு என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டால் பிறகு வாய்த்தர்க்கம் வராது.